மாணவர் தம்மை யாரென்று எண்ணினர்?

காலை ஐந்தரை மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியின் அருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். ஜொகூர் பாலத்தின் வழியாக மக்கள் வெள்ளம் வந்துகொண்டேயிருக்கும். தொழிற்சாலைக்கும், கடைக்கும், கட்டட வேலைக்கும், துப்புரவு வேலைக்கும் வருவோர் அவர்; அவரிடையே பள்ளிச் சீருடையணிந்து தூங்கி வழியும் சிறுவரும் உளர். சற்று நேரம் கழித்து, அதே உட்லண்ட்ஸில் உள்ள ரிபப்ளிக் பாலிடெக்னிக்கை நோக்கி இளைஞர் கூட்டமொன்று புறப்படும். உழைக்க வந்த கூட்டமும் படிக்கப் போகும் கூட்டமும் ஒரே பேருந்து நிலையத்தில் தோளோடு தோள் உரசிச் செல்கின்றன. ஒன்று மற்றொன்றின் முகத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

படிக்கின்ற பிள்ளை தன்னை யாரென்று எண்ணிக்கொள்கிறான்? உழைப்போருள் தானும் ஒருவன் என்றா? அவருக்கு மேற்பட்டவன் என்றா? அன்றி, அவருக்காகப் பேச வந்தவன் என்றா? கல்விச்சாலை தோன்றிய நாள்முதல் உள்ள கேள்வி இது. இதற்கு இந்நாட்டில், நம் பாட்டனார் காலத்தில், சில இளைஞர் ஒரு விடை கூறினர். அவ்விடைக்காகச் சிறையும் புகுந்தனர். அவர் கதையைக் கூறுமுன், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இக்கேள்வி எவ்வாறு எழுந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். அங்கே அது மூடுதிரையின்றி வெளிப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மனியில் பல்கலைக்கழக மாணவன் என்பவன் தனியொரு சாதி. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவன் குற்றம் செய்தால் ஊர் நீதிமன்றம் அவனை விசாரிக்க இயலாது, பல்கலைக்கழகமே விசாரிக்கும். தண்டனையும் பல்கலைக்கழகத்தின் சிறையிலேதான். அச்சிறையோ, சுவரில் பெயரெழுதிப் படம் வரைந்து பொழுது போக்கும் இடம். அவன் இடையில் வாள் தொங்கும். புதிதாய்ச் சேர்ந்தவனை 'நரி' என்றழைத்து மூத்தவன் ஏவல் கொள்வான். ஊர்மக்களுக்கோ அவன் இட்ட பெயர் 'பெலிஸ்தர்'. விவிலியத்தில் இஸ்ரவேலரின் பகைவராக வரும் கூட்டத்தின் பெயர் அது. ஜேனா நகரில் ஊராரோடு நடந்த சண்டையில் ஒரு மாணவன் மாண்டான் என்றும், அவன் அடக்கச் சடங்கில் பாதிரியார் பெலிஸ்தரைப் பற்றிய வாக்கியத்தை எடுத்துப் பிரசங்கித்தார் என்றும், அதிலிருந்து இவ்வழக்கு பிறந்ததென்றும் கூறுவர். தனக்குச் சோறாக்கும் வீட்டுக்காரி, செருப்புத் தைப்பவன், கடன் கொடுக்கும் வணிகன் ஆகிய எல்லாரும் பெலிஸ்தரே!

இவர்கள் 'சுதந்திரம்' என்ற சொல்லை ஓயாது உச்சரித்தவர்கள்தாம். ஆனால் அது எவருடைய சுதந்திரம்? 1790 ஆம் ஆண்டு ஜூலை மாதம். பக்கத்து நாடாகிய பிரான்சில் பாஸ்டில் சிறை வீழ்ந்து ஓராண்டு நிறைந்து, மக்கள் விழாக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளை. அவ்வேளையில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக மாணவர் ஒரு போராட்டம் நடத்தினர். எதற்காக? தச்சுத் தொழிலாளரோடு ஏற்பட்ட தெருச் சண்டையில் தம் மானத்துக்கு இழுக்கு வந்ததாம். அதற்குப் பரிகாரம் வேண்டி ஊரைவிட்டு வெளியேறி, வெளியே ஒரு மேட்டு நிலத்தில் போய் அமர்ந்துகொண்டனர். மாணவர் போனால் ஊருக்கு வருவாய் போகும். ஆகவே சமாதானம் பேசி அழைத்துக்கொண்டனர். உலகமே தலைகீழாய்ப் புரண்டுகொண்டிருக்கையில் இந்த அறிவுச் செல்வர்கள் தச்சனோடு மல்லுக்கு நின்றனர்.

எனினும் எல்லா மாணவரையும் ஒரே தராசில் நிறுத்தல் நியாயமன்று. அதே கோட்டிங்கனில், 1772 செப்டம்பர் 12 அன்று, சில இளங்கவிஞர் ஓர் ஓக் மரச் சோலையில் கைகோத்து நின்று நட்பும் நாட்டன்பும் பேணுவதாய் உறுதி பூண்டனர். பிற்பாடு பிரபுக்கள் குலத்துப் பிள்ளைகள் இருவரும் அதில் வந்து சேர்ந்தனர். கொடுங்கோலரை ஒழிப்போம் என்று பாடுவது அக்கூட்டத்தில் அன்றாட வழக்கம். பாடியவர் எவரும் எந்தக் கொடுங்கோலனையும் நேரில் கண்டதாகத் தோன்றவில்லை. ஆனால் அவருள் ஒருவர் கண்டிருந்தார். யோஹான் ஹைன்ரிக் ஃபோஸ் என்பது அவர் பெயர். அவருடைய பாட்டனார் விடுதலை பெற்ற பண்ணையடிமை. வறுமையில் வளர்ந்து, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, இரவல் உதவியால் பல்கலைக்கழகம் புகுந்தவர். மற்றவர் பண்டை வீரரைப் பாட, அவர் தம் காலத்துப் பண்ணையடிமைகளின் துயரைக் கவிதையாக்கினார். பாட்டன் கழுத்திலிருந்த நுகத்தைப் பேரன் மறக்கவில்லை. தோட்டப்புறத்தில் பிறந்து படித்து வந்தவர்கள் இவ்வரலாற்றைப் படிக்கும்போது, தொண்டை சிறிது அடைக்கத்தான் செய்யும்.

பிரான்சில் நடந்தது வேறு. 1789 ஜனவரியில், புரட்சி வெடிப்பதற்கு ஆறு மாதம் முன்னரே, ரென் என்னும் நகரின் சட்டக் கல்லூரி மாணவர் பிரபுக்களின் தனியுரிமையை எதிர்த்துக் கிளம்பினர். பின்னாளில் பெரிய படைத்தலைவராய் விளங்கிய மொரோ என்பவரே அவருக்குத் தலைவர். 26 ஆம் நாள் அம்மாணவரைத் தெருவில் அடித்து நொறுக்கியவர் யார் தெரியுமா? பிரபுக்கள் அல்லர். அவர்களுடைய வேலைக்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும்! தோளில் வார்ப்பட்டை அணிந்து பாரஞ் சுமந்த அவ்வேழைகளின் பெயராலேயே அந்நாளைப் பிரெஞ்சு வரலாறு குறிக்கிறது. ஏழைக்காகப் பேச வந்தவனை ஏழையைக் கொண்டே அடிக்கச் செய்தனர் எசமானர். மறுநாள் மாணவர் திருப்பித் தாக்கினர், இரத்தம் சிந்தியது, நாந்து முதலிய நகரங்களிலிருந்து இளைஞர் உதவிக்கு விரைந்தனர். 'நாமே மக்களின் பிரதிநிதிகள்' என்று அம்மாணவர் எண்ணினர். அவ்வெண்ணம் பொய்யன்று. ஆனால் பல்லக்குத் தூக்கியிடம் அதனை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை!

ஜெர்மானிய மாணவரும் பின்னர் மாறினர். டியூபிங்கன் மடத்தில் ஹெகல், ஹோல்டர்லின், ஷெல்லிங் ஆகியோர் பிரெஞ்சுப் பத்திரிகைகளை மறைத்து வைத்துப் படித்தனர். 1817 இல் வார்ட்பர்க் கோட்டையில் நூற்றுக்கணக்கான மாணவர் கூடி ஒன்றுபட்ட நாடு வேண்டுமென்றனர். 1819 இல் ஒரு மாணவன் செய்த கொலையைக் காரணமாய்க் காட்டி, ஆள்வோர் பல்கலைக்கழகங்களின் வாயைக் கட்டினர். வாள் ஏந்திக் குடித்துக் கூத்தாடிய காலத்தில் மாணவனைக் கண்டு எந்த அரசும் அஞ்சவில்லை. தன்னை நாட்டின் வாயென்று அவன் எண்ணத் தொடங்கிய பின்னரே சட்டம் வந்தது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு இனி நம் ஊருக்கு வருவோம்.

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் 1905 இல் மருத்துவப் பள்ளியொன்றை நிறுவினர். அதுவே பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியாயிற்று. 1928 இல் புக்கிட் தீமா சாலையில் இராபிள்ஸ் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. மலாயா முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தனர். உட்லண்ட்ஸையும் ஜொகூரையும் இணைக்கும் பாலத்தில் 1923 இலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டமையால், பினாங்குப் பிள்ளையும் ஈப்போப் பிள்ளையும் பெட்டி படுக்கையோடு இவ்வழியே வந்திறங்கினர். வந்தவரை வரவேற்றது எது? 'ரேகிங்' என்னும் கொடுமை! மூத்தோர் இளையோரைத் தவளைபோல் தத்த விடுவதும், ஊர் சிரிக்க அவமானப்படுத்துவதும் அங்குச் சடங்காயிருந்தன. 1940 இல் அங்குச் சேர்ந்த லீ குவான் இயூ இதனைத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். ஜேனாவின் 'நரி' கடல் கடந்து வந்துவிட்டது. வாள் மட்டும் வரவில்லை.

அக்கல்லூரிகளில் படித்தவர் தம்மை என்னவென்று எண்ணியிருப்பர்? அரசாங்க உத்தியோகத்தின் வாயிலில் நிற்போர் என்றே. அதுவும் வெள்ளையனுக்கு அடுத்த படியில்! அதே காலத்தில் தோட்டங்களில் நம் பிள்ளைகளின் நிலை என்ன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்க வேண்டுமென 1923 ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் கூறியது. முதலாளியும் வைத்தார். ஒரு கொட்டகை, சில இடங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியர். அங்கே சில ஆண்டு தமிழ் படித்தபின் பிள்ளை போகும் இடம் பால்மரக் காடு. கல்லூரிக்குப் போகும் பாதை ஆங்கிலப் பள்ளி வழியே சென்றது. ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்தில் இருந்தது. ஆகவே, கல்லூரியில் தமிழ்ப் பெயர்கள் இருந்தனவேயன்றி, தோட்டத் தமிழர் பெரும்பாலும் இல்லை. கிராணியின் மகனும், இலங்கையிலிருந்து வந்த இரயில்வே எழுத்தரின் மகனும், மருத்துவரின் மகனுமே இருந்தனர். கங்காணிக்கும் கூலிக்கும் இடையே கண்ட அகழி அங்கும் இருந்தது. அதில் ஆங்கிலத் தண்ணீர் நிரம்பியிருந்தது, அவ்வளவே.

இவ்வகழியைச் சிறிது காலம் தூர்த்தது யுத்தம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்துக்குத் தலைமையேற்றார். தோட்டத்துப் பால்வெட்டியும், படித்த வீட்டுப் பிள்ளையும், பெண்டிரும் ஒரே அணியில் நின்றனர். அவ்வாறு நின்றவருள் ஒருவர் ஜேம்ஸ் புதுச்சேரி. மலையாளக் குடும்பத்தினர், ஜொகூர் பாருவில் வளர்ந்தவர், பர்மாப் போர்முனை கண்டவர். யுத்தம் முடிந்தபின் அவர் மாணவராய்ச் சிங்கப்பூர்க் கல்லூரியில் சேர்ந்தார். போர் கண்டு வந்தவனைத் தவளைபோல் தத்தச் சொன்னால் தத்துவானா? மாணவர் உலகின் போக்கே மாறலாயிற்று.

1949 அக்டோபர் 8 அன்று, இரு கல்லூரிகளும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் மலர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் 4 ஆம் நாள், மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டிருந்தார். தோட்டத்தில் அவசரகாலச் சட்டம். பட்டணத்தில் பட்டமளிப்பு விழா. இவ்விரண்டையும் ஒன்றாய் நோக்கிய மாணவர் சிலர் இருந்தனர் என்பதே இந்நாட்டு மாணவர் வரலாற்றின் தொடக்கம் என்று நான் கருதுகிறேன்.

முதலில் அவர் மொழியில் கை வைத்தனர். மலாயர் என்றொரு தேசிய இனம் பிறக்கப் போகிறது. அதற்கொரு மொழி வேண்டும். அதை நாமே ஆக்குவோம் என்றனர். ஆங்கிலம், மலாய், சீனம் ஆகிய மூன்றையும் கலந்து 'எங்மல்சின்' என்று அதற்குப் பெயரும் சூட்டினர். 1950 இல் வாங் கங்வூ என்னும் மாணவர் இளங்கவிதைத் தொகுதியொன்றை வெளியிட்டார். முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அவரே பின்னர் அதன் குறைகளை எடுத்தெழுதினார். நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று. எங் என்பது ஆங்கிலம். மல் என்பது மலாய். சின் என்பது சீனம். தமிழ் எங்கே? பால்மரத்தின் அடியில் நின்று இந்நாட்டின் செல்வத்தை வடித்தவனுடைய மொழியில் ஓரெழுத்தும் அப்பெயரில் இடம்பெறவில்லை. நம்மவரும் உடனிருந்த கூட்டம் அது! தீய எண்ணத்தால் விட்டார் என்று நான் சொல்லவில்லை. கண்ணில் படவில்லை; அதுதான் வருத்தம்.

1951 ஜனவரியில் பிரிட்டிஷ் எதிர்ப்புக் கழகத்தோடு தொடர்புடையார் எனச் சிலர் கைதாயினர். புதுச்சேரி அவருள் ஒருவர். பிற்காலத்தில் சிங்கப்பூரின் அதிபராயிருந்த ஆசிரியர் தேவன் நாயரும் ஒருவர். விடுதலையாகி வந்தபின் புதுச்சேரி மீண்டும் படிப்பைத் தொடர்ந்தார். 1953 பிப்ரவரியில் பல்கலைக்கழகச் சோஷலிஸ்ட் சங்கம் தோன்றியது. வாங் கங்வூவே அதன் முதல் தலைவர். அதன் இதழ் 'ஃபஜர்'. மலாய் மொழியில் அச்சொல்லுக்கு வைகறை என்பது பொருள்.

பெயரைக் கவனியுங்கள். இருள் கழிகிறது, நாம் முதற்கதிர் என்பது அவர் தம்மைப் பற்றிக் கொண்ட எண்ணம். நாடு இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அதன் சார்பில் பேச எவருக்கும் உரிமை வழங்கப்படவில்லை. சீனப் பள்ளியும், மலாய்ப் பள்ளியும், தமிழ்ப் பள்ளியும் தனித்தனித் தீவுகள். எல்லா இனத்தாரும் ஒரே விடுதியில் உண்டு உறங்கும் இடம் பல்கலைக்கழகம் ஒன்றே. ஆகவே வரப்போகும் மலாயா நாட்டின் சிறு உருவம் நாமே. இவ்வாறு அவர் கருதினர். இது கர்வமா? ஓரளவு கர்வமே. ஆனால் ஜேனா மாணவன் கொண்ட கர்வம் அன்று. அவன் ஊரிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டான். இவர்கள் நாட்டோடு தம்மை ஒன்றாக்கிக்கொள்ள முயன்றனர்.

1954 மே மாதம் மிகவும் கொதிப்பான மாதம். 7 ஆம் நாள் வியத்நாமில் டியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. 13 ஆம் நாள் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளி மாணவர் கட்டாயப் படைச்சேவையை எதிர்த்துத் திரண்டபோது போலீசார் தடியடி நடத்தினர். இவற்றினிடையே 10 ஆம் தேதியிட்ட ஃபஜர் ஏழாம் இதழ், ஆசியாவில் நடக்கும் ஆக்கிரமிப்பைப் பற்றி ஒரு தலையங்கம் தாங்கி வந்தது. மேனாட்டார் அமைக்கவிருந்த தென்கிழக்காசிய இராணுவக் கூட்டணியை அது கண்டித்தது. 28 ஆம் நாள் இதழின் ஆசிரியர் குழுவினர் எண்மரைப் போலீசார் பிடித்தனர். குற்றம் இராஜத்துவேஷம்.

அவ்வெண்மர் பெயரை நம்மவர் அறிந்திருத்தல் நன்று. பூ சூ காய், குவா பூ சன், லாம் குவான் கிட், ஜேம்ஸ் புதுச்சேரி, எம். கே. இராஜகுமார், பி. அருட்சோதி, தாமஸ் வர்க்கி, எட்வின் தம்பு. இவருள் தம்பு என்பார் தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்தவர். பின்னர் சிங்கப்பூரின் ஆங்கிலக் கவிஞருள் தலையாயவர் எனப் பெயர் பெற்றார். எண்மரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய, இலங்கை மரபோடு உறவுடையவர். சிலர் மருத்துவ மாணவர். பட்டம் பெற்றால் வீடும் காரும் காத்திருந்தன. குற்றம் நிரூபணமானால் எல்லாம் போயிருக்கும். வீட்டில் பெற்றோர் பட்ட பாட்டை எவர் எழுதி வைத்தார்? மகனைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்த எந்தத் தகப்பனும் அதை எழுதாமலே அறிவான்.

வழக்கு ஆகஸ்டில் நடந்தது. கென்யாவின் கென்யாட்டாவுக்காக வாதாடிய ஆங்கிலப் பாரிஸ்டர் டி. என். பிரிட் கடல் கடந்து வந்து மாணவருக்காக வாதாடினார். அவருக்குத் துணை நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. எதிர்வாதத்துக்கே தேவையின்றி, அக்கட்டுரை இராஜத்துவேஷமாகாது என நீதிமன்றம் மாணவரை விடுதலை செய்தது. அதே பிரிட் சீனப் பள்ளி மாணவருக்காகவும் வாதாடினார். அவ்வழக்கில் வெற்றி கிட்டவில்லை. ஆங்கிலம் படித்தவன் தப்பினான், சீனம் படித்தவன் தப்பவில்லை என்று அன்று சிலர் கசந்து பேசியிருந்தால், அதனைத் தவறென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நிற்க. இவ்விடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். ஃபஜரை எவர் படித்தார்? அது ஆங்கில இதழ். தோட்டத்து லயத்தில் விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிக்கப்பட்டது அதுவன்று, தமிழ்ப் பத்திரிகையே. மக்களின் சார்பில் பேசிய குரல், மக்களுக்குப் புரியாத மொழியில் பேசியது. ரென் நகரத்துப் பல்லக்குத் தூக்கியை நினைத்துப் பாருங்கள்.

அதே ஆண்டுகளில் தமிழ் மக்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அங்கே இந்திய இயல் துறை அமையப்போகிறதென்று செய்தி வந்தபோது, அதில் தமிழுக்கு முதலிடமா, வடமொழிக்கா என்ற வாதம் எழுந்தது. இந்நாட்டு இந்தியரில் மிகப் பெரும்பான்மையோர் தமிழர். அவர் பேசாத மொழிக்கு முதலிடம் எதற்கு என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முழங்கினார். முழங்கியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரால் நிதி திரட்டினார். பால்வெட்டியும், துறைமுகத் தொழிலாளியும், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியும், தேக்காக் கடைக்காரரும் வெள்ளி வெள்ளியாய்க் கொடுத்தனர். தம் பிள்ளை அங்கே படிக்கப்போவதில்லை என்று நன்றாய் அறிந்தே கொடுத்தனர். அந்நிதி பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்கு உதவியது. 1956 இல் துறை அமைந்தது. தமிழே அதில் முதலிடம் பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூர் வளாகத்துக்குச் சென்றது. தனிநாயக அடிகளார் அதற்குத் தலைவராய் வந்தார். 1966 இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்நகரிலேயே கூடியது.

உலகில் எத்தனையோ பல்கலைக்கழகங்களை அரசரும் செல்வரும் வளர்த்தனர். கூலி பெற்ற கையோடு அதில் ஒரு வெள்ளியை எடுத்துத் தாம் நுழையாத மண்டபத்தின் புத்தக அலமாரிக்குக் கொடுத்த மக்கள் எத்தனை நாட்டில் உளர்? மக்களைப் பற்றி மாணவர் ஏடெழுதினர். மக்களோ மாணவருக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தனர். இரு சாராரும் ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில் இருந்தனர். அவர் சந்தித்துக்கொண்ட இடங்கள் மிகக் குறைவு.

தாயகத்தில் இதற்கு மாறான நிலையொன்று இருந்தது. 1943 இல் கும்பகோணம் அரசினர் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவர்க்கு ஒரு தண்ணீர்ப் பானை, ஏனையோர்க்கு வேறொரு பானை. அப்பானையிலிருந்து கிளம்பியதே திராவிட மாணவர் கழகம். அம்மாணவர் விடுமுறை நாட்களில் ஊர் ஊராய்ச் சென்று தமிழில் மேடையேறிப் பேசினர். கேட்டவன் உழவனும் நெசவாளியும். எந்தச் சித்தாந்தத்தையும் அவர் பிறநாட்டு நூலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. தாகமெடுத்த தொண்டையிலிருந்து தொடங்கினர். அவர் பேச்சில் அடுக்குமொழி மிகுதி, பொருளாதார அறிவு குறைவு என்று கூறுவாருண்டு. இருக்கலாம். ஆயினும் பேசியது கேட்டவனுக்குப் புரிந்தது.

நம் சிங்கப்பூர் மாணவரிலும் அகழியைத் தாண்டியவர் இல்லாமலில்லை. சோஷலிஸ்ட் சங்கத்தின் முன்னணியில் நின்ற எஸ். உட்ஹல் படிப்பு முடிந்ததும் சம்பளம் பெரிதான உத்தியோகத்தைத் தேடவில்லை. கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார். அத்தளம் வேறெங்கோ அன்று. உட்லண்ட்ஸுக்குக் கிழக்கே செம்பவாங் கடலோரமாய் நீண்டு கிடந்தது. 1938 இல் திறக்கப்பட்டது. கப்பல் பழுது பார்க்கும் பெருந்துறை. மலையாளிகளும் தமிழரும் ஆயிரக்கணக்கில் அங்கு உழைத்தனர். அவரிடையே வேலை செய்ய ஃபஜரின் ஆங்கிலம் போதாது. கூலி விகிதம், வேலைநீக்கம், குடியிருப்பு, ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றாய் எடுத்துப் பேச வேண்டும், கேட்கவும் வேண்டும். புதுச்சேரியும் கடை, தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் லிம் சின் சியோங்கோடு சேர்ந்து உழைத்தார். மாணவர் என்ற சட்டையைக் கழற்றிய பின்னரே இவர்கள், தாம் மாணவராயிருந்தபோது சொல்லிக்கொண்டதற்கு உண்மையாய் நின்றனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளைவு என்னவாயிற்று? 1954 நவம்பரில் மக்கள் செயல் கட்சி தோன்றியபோது இவ்விளைஞர் அதற்கு உறுதுணையாயினர். 1956 இல் புதுச்சேரி, உட்ஹல் முதலியோர் மீண்டும் சிறைப்பட்டனர். சிறையில் இருந்தபடியே புதுச்சேரி மலாயாவின் பொருளாதாரம் எவர் கையில் இருக்கிறதென்று ஆராய்ந்து நூலெழுதினார். அது 1960 இல் வெளிவந்தது. சீனர் செல்வர், மலாய்க்காரர் ஏழை என்று இனக் கணக்குப் போடுவோருக்கு, பெருஞ்செல்வத்தின் கடிவாளம் ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருப்பதை அதில் எடுத்துக் காட்டினார். 1959 இல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் விடுதலை கிடைத்தது. 1961 இல் கட்சி பிளந்தது. 1963 பிப்ரவரி 2 அன்று நடந்த பெருங்கைதில் பூ சூ காய், புதுச்சேரி, உட்ஹல் மூவரும் அகப்பட்டனர். ஒரு காலத்தில் இவ்வழக்குக்கு வாதாட வந்தவரே இப்போது அரசாங்கத்தின் தலைவர். பூ சூ காய் இரு முறையாய் ஏறக்குறைய பதினேழு ஆண்டு சிறையில் கழித்தார். அவர்கள் சதிகாரர் என்று அரசினர் கூறினர். விசாரணையின்றி அடைத்தது எதிர்க்கட்சியை ஒடுக்கவே என்று அவர்கள் கூறினர். வரலாற்றாசிரியரிடையே அவ்வாதம் இன்றும் ஓயவில்லை. விசாரணையின்றி அடைப்பதை நியாயமென்று ஒப்ப என் மனம் இசையவில்லை என்பதை மட்டும் கூறி அமைவேன். 1954 இல் வெள்ளையன் வழக்குத் தொடுத்தான். வழக்கு என்று ஒன்று இருந்ததாலேயே அவர்கள் அன்று வென்றனர்.

இராஜகுமார் வேறு வழி சென்றார். மருத்துவராகி, மலாயாத் தொழிற்கட்சியில் உழைத்து, 1966 இல் சிறை கண்டு, பின்னர் கோலாலம்பூரில் எளிய மருத்துவமனையொன்றில் அமர்ந்து குடும்ப மருத்துவத்தை மலேசியாவில் ஒரு துறையாய் வளர்த்தார். உலகக் குடும்ப மருத்துவர் அமைப்புக்கே தலைவராயினார். 2008 இல் மறைந்தார். சோஷலிஸ்ட் சங்கம் 1971 இல் பதிவு நீக்கம் பெற்று மறைந்தது.

விடுதலைக்குப் பின் புதுச்சேரிக்கும் உட்ஹலுக்கும் சிங்கப்பூருக்குள் கால் வைக்கத் தடை விதிக்கப்பட்டது. இருவரும் கோலாலம்பூரில் வழக்கறிஞராயினர். புதுச்சேரி 2000 இல் காலமானார். அவர் வளர்ந்த ஜொகூர் பாருவின் கடற்கரையில் நின்றால் எதிரே உட்லண்ட்ஸ் கண்ணுக்குத் தெரியும். இடையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம். அதன்மேல் அன்றும் அதிகாலையில் தொழிலாளர் கூட்டம் சிங்கப்பூரை நோக்கி வந்துகொண்டிருந்தது.